முன்பின் தெரியாதவரோடு திரை நட்சத்திரங்கள், பெண்ணியம், இறைநம்பிக்கை பற்றி இணையத்தில் உரையாடுவது எப்படி

ஒரு நடிகை தம் மணவாழ்க்கை முடிவுக்கு வந்துவிட்டதாக அறிவிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். சில மாதங்களுக்கு முன் ஒரு நேர்காணலில் அவர் தம்மைப் பெண்ணியவாதி என்று சொல்லியிருந்தார். அறிவிப்பு வந்த மறுவாரம், ஒரு வழிபாட்டுத் தலத்தில் அவர் கண்மூடி நிற்கும் படம் வெளியாகிறது. அன்று மாலைக்குள் இணையத்தில் மூன்று வழக்குகள் ஒரே நேரத்தில் நடக்கத் தொடங்கிவிடும். அவர் நல்லவரா என்பது ஒன்று. பெண்ணியம் குடும்பங்களைப் பிரிக்கிறதா என்பது இன்னொன்று. பெண்ணியவாதி ஒருவர் கடவுளை வணங்கலாமா என்பது மூன்றாவது. முதல் கேள்விக்குச் சொன்ன பதிலை மறுக்க இரண்டாவதிலிருந்து ஒரு வாதமும், இரண்டாவதை மறுக்க மூன்றாவதிலிருந்து ஓர் ஏச்சும் வந்து விழும். யார் எதற்குப் பதில் சொல்கிறார் என்பது கொஞ்ச நேரத்தில் எழுதுகிறவர்களுக்கே விளங்காமல் போய்விடும்.

இந்த மூன்றும் சேர்ந்தே வருவதற்குக் காரணம் உண்டு. பிரபலங்களின் வாழ்க்கை எல்லாருக்கும் தெரிந்த பொதுக் கதை. ஆணும் பெண்ணும் எப்படி வாழ வேண்டும், எது பாவம், எது உரிமை என்று சொந்த வீட்டுக்குள் வாய் திறக்கத் தயங்குகிறவர்கள்கூட அந்தக் கதையை முன்னிட்டுத் தாராளமாகப் பேசிவிட முடிகிறது. அதனாலேயே இத்தகைய பேச்சு வேண்டியதுதான் என்று நினைக்கிறேன். அதைத் தவிர்க்கச் சொல்வது இந்த வழிகாட்டியின் நோக்கமன்று. சேதமில்லாமல், முடிந்தால் இரு தரப்புக்கும் ஏதேனும் புதிதாகத் தெரியும்படி அதை நடத்துவது எப்படி என்பதைச் சொல்வதே நோக்கம். அதற்கு அடிப்படையாக வேண்டிய திறமை ஒன்றுதான்: பரந்து கிடக்கும் சண்டையை, “ஆம், நாம் இதைப் பற்றித்தான் பேசுகிறோம்” என்று இருவரும் ஒப்புக்கொள்ளும் ஒரே வாக்கியமாகச் சுருக்கத் தெரிந்திருக்க வேண்டும். மற்ற யோசனைகள் அனைத்தும் இதற்குத் துணை செய்பவையே.

எந்த வாக்கியத்தைப் பற்றிப் பேசுகிறோம்

பதில் எழுதுவதற்கு முன், எதிரே இருப்பவர் எழுதியதை இன்னொரு முறை படித்து, அதில் எத்தனை கூற்றுகள் அடங்கியிருக்கின்றன என்று பிரித்துப் பாருங்கள். மேலே சொன்ன நடிகையைப் பற்றி ஒருவர் இப்படி எழுதுகிறார்: “பெண்ணியம் பேசினால் கடைசியில் இதுதான் கதி. குடும்பமும் போச்சு, இப்போது சாமியிடம் போய் அழுகிறார்.” இதில் மூன்று கூற்றுகள் இருக்கின்றன. மணமுறிவுக்குப் பெண்ணியம்தான் காரணம் என்பது ஒரு நிகழ்வின் காரணத்தைப் பற்றியது. அந்தத் தம்பதியைத் தவிர வேறு யாருக்கும் அது தெரிய வழியில்லை. மணமுறிவு என்பது ஒரு தண்டனை, ஒரு வீழ்ச்சி என்பது மதிப்பீடு. அதைப் பற்றி விவாதிக்கலாம். வழிபடுகிறவர் தோற்றுப்போய் அழுகிறார் என்பது இன்னொருவர் மனத்தைப் பற்றிய ஊகம். படத்திலிருந்து அதைப் படிக்க முடியாது.

மூன்றுக்கும் சேர்த்து ஆவேசமாக ஒரு பதில் எழுதுவது எளிது. அப்படி எழுதினால், அதில் எந்த வரி பலவீனமானதோ அதை மட்டும் பிடித்துக்கொண்டு எதிர்த்தரப்பு மேலே செல்லும். அதற்கு மாறாக இப்படிக் கேட்கலாம்: “இவருடைய மணமுறிவுக்குப் பெண்ணியம்தான் காரணம் என்கிறீர்களா, அல்லது பெண்ணியம் பொதுவாகவே மணவாழ்க்கைக்கு ஆகாது என்கிறீர்களா? முதலாவது என்றால், உங்களுக்கும் எனக்கும் அது தெரிய வழியில்லை. இரண்டாவது என்றால் பேசலாம்.” இந்தக் கேள்வியில் குத்தலில்லை. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் உரிமையை அவரிடமே விடுகிறது. தேர்ந்தெடுத்த மனிதர் அந்தக் கணத்திலிருந்து உங்களோடு சேர்ந்து ஒரு பொருளைப் பார்க்கத் தொடங்குகிறார். தேர்ந்தெடுக்க மறுத்து மீண்டும் வசைபாடினால், அவர் உரையாட வரவில்லை என்பதை ஒரே கேள்வியில் தெரிந்துகொண்டீர்கள், அதுவும் லாபமே.

கூற்றின் வகை தெரிந்தால் எப்படிப் பதில் சொல்வது என்பதும் தெரிந்துவிடும். நடந்ததா இல்லையா என்ற கேள்விக்குச் சான்று வேண்டும். சரியா தவறா என்ற கேள்விக்குக் காரணம் வேண்டும். பிடித்திருக்கிறது என்ற கூற்றுக்குச் சான்றும் வேண்டாம், காரணமும் வேண்டாம். அதைக் கேட்டுக்கொண்டால் போதும். நம்புகிறேன் என்ற கூற்றுக்கு, அந்த நம்பிக்கை அவருக்கு என்னவாக இருக்கிறது என்ற கேள்வியே பொருத்தமானது. இணையத்தில் நடக்கும் பெரும்பாலான சண்டைகளில், ஒரு வகைக் கூற்றுக்கு வேறு வகைப் பதில் தரப்படுவதைக் காணலாம். ஒரு பாடகரைப் பிடிக்கும் என்றவரிடம் சாதனைப் பட்டியல் கேட்கிறார்கள். புள்ளிவிவரத்தைச் சுட்டியவரிடம், “என் மனத்தைப் புண்படுத்திவிட்டாய்” என்று முடிக்கிறார்கள்.

அமெரிக்க உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் 1951இல் ஒரு விதியை முன்வைத்தார்: முன்னே பேசியவரின் கருத்தையும் உணர்வையும், அவரே திருப்தி அடையும்படி திருப்பிச் சொன்ன பிறகுதான் அடுத்தவர் தம் கருத்தைச் சொல்ல வேண்டும். நேர்ப்பேச்சுக்காக அவர் சொன்ன இந்த விதி, எழுத்தில் நடக்கும் உரையாடலுக்கு இன்னும் பொருந்தும். “நீங்கள் சொல்வதை இப்படிப் புரிந்துகொள்கிறேன், சரியா?” என்று தொடங்கும் பதில், எதிரே இருப்பவரின் குரலை உடனே தணிப்பதைத் தொடர்ந்து பார்த்துவருகிறேன். ஆனால் திருப்பிச் சொல்லும்போது அவருடைய வாதத்தைச் சற்றே மட்டமாக்கிச் சொல்லும் ஆசை வரும். அதற்கு இடம் கொடுத்தால் இந்த முறையே பாழ். அவர் எழுதியதைவிட நன்றாக அவருடைய வாதத்தை எழுதிக் காட்ட முயல வேண்டும்.

திரைக்கு அப்பால் இருப்பவர்

முகம் பார்த்துப் பேசும்போது சொல்லத் துணியாததை இணையத்தில் மனிதர்கள் சொல்லிவிடுகிறார்கள். உளவியலாளர் ஜான் சூலர் 2004இல் வெளியிட்ட கட்டுரை இதற்கான காரணங்களை வகைப்படுத்தியது: பெயர் தெரியாமை, முகம் காணாமை, பதில் உடனே வராத கால இடைவெளி, எதிரே இருப்பவரின் குரலை நம் மனமே இட்டுக்கட்டிக்கொள்வது முதலியவை. கூச்சம் விலகுவதால் சிலர் கொடூரமாகிறார்கள், சிலர் மனம் திறக்கிறார்கள் என்று இரு பக்கத்தையும் அவர் குறிப்பிட்டார். காரணங்களுள் கடைசியாகச் சொன்னது நம் பொருளுக்கு மிக முக்கியம். “இதற்கு ஆதாரம் உண்டா?” என்று ஒருவர் எழுதுகிறார். நாம் எரிச்சலில் இருந்தால் அது ஏளனமாக ஒலிக்கிறது. அமைதியாக இருந்தால் சாதாரணக் கேள்வியாக ஒலிக்கிறது. அந்த ஒலி முழுவதும் நம்முடையது. சந்தேகம் வரும்போதெல்லாம் மென்மையான குரலையே அதற்குக் கொடுத்துப் படியுங்கள். தவறாகக் கணித்திருந்தாலும் இழப்பு பெரிதில்லை.

சூடான சொற்கள் வேகமாகப் பரவுகின்றன என்பதும் தெரிந்த செய்தியே. வில்லியம் பிரேடியும் அவருடைய குழுவினரும் 2017இல் வெளியிட்ட ஆய்வு, ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட ட்விட்டர் பதிவுகளை அலசி, அறமும் உணர்ச்சியும் கலந்த சொல் ஒவ்வொன்று கூடும்போதும் பதிவு பகிரப்படும் அளவு ஏறத்தாழ 20 சதவீதம் கூடுவதைக் கண்டது. அந்தப் பரவல் பெரும்பாலும் ஒத்த கருத்துடையவர்களுக்குள்ளேயே நிகழ்ந்தது என்பதும் அதே ஆய்வின் முடிவு. “வெட்கங்கெட்ட”, “கேவலம்”, “துரோகம்” போன்ற சொற்கள் நம் ஆட்களிடம் கைதட்டல் வாங்கித் தருமே தவிர, யாரிடம் பேசுகிறோமோ அவரைச் சென்று சேர்வதில்லை. எழுதி முடித்ததும் அத்தகைய சொற்களை நீக்கிவிட்டுப் படித்துப் பாருங்கள். வாதம் மிஞ்சினால் அனுப்பலாம்; ஒன்றும் மிஞ்சவில்லை என்றால் முதலிலேயே வாதம் இருந்திருக்கவில்லை.

கேலியைப் பற்றியும் ஒரு சொல். முகக்குறிப்பு இல்லாத எழுத்தில், தீவிரக் கருத்தைக் கிண்டல் செய்வதற்காக எழுதியதையும் அந்தக் கருத்தை உண்மையாகவே நம்பி எழுதியதையும் பிரித்தறிய முடியாது. 2005இல் நேதன் போ என்பவர் மத விவாதம் ஒன்றில் சொன்ன இந்தக் கவனிப்பு அவர் பெயராலேயே ஒரு விதியாக வழங்குகிறது. அந்நியரோடு மதத்தையோ பெண்ணியத்தையோ பேசும்போது நையாண்டியை விட்டுவிடுவதே நல்லது.

விளிக்கும் முறையிலும் கவனம் வேண்டும். எதிரே இருப்பவரின் வயதும் பாலும் நமக்குத் தெரியாது. “நீங்கள்” என்பதில் தொடங்கி அதிலேயே முடிக்க வேண்டும். சண்டை முற்றும்போது “தம்பி, உனக்கு அனுபவம் போதாது” என்றும், “அம்மா தாயே, கொஞ்சம் பொறு” என்றும் உறவுமுறை புகுவது அன்பினால் அல்ல, அவரைத் தாழ்த்துவதற்காகவே என்பது எழுதுகிறவருக்கும் தெரியும், படிப்பவருக்கும் தெரியும்.

நட்சத்திரங்களைப் பற்றிப் பேசும்போது

டொனால்ட் ஹோர்ட்டன், ரிச்சர்ட் வோல் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 1956இல், வானொலியிலும் தொலைக்காட்சியிலும் தோன்றுகிறவர்களோடு பார்வையாளர்கள் ஒருதலையான நெருக்கம் கொள்வதைப் பற்றி எழுதினார்கள். திரையில் இருப்பவருக்கு நம்மைத் தெரியாது. ஆனால் ஆண்டுக்கணக்கில் அவரைப் பார்த்துவருகிற நமக்கு, அவர் நம் வட்டத்தைச் சேர்ந்தவராகவே தோன்றுகிறார். ரசிகரின் கோபத்தைப் புரிந்துகொள்ள இது போதும். அவருடைய விருப்ப நடிகரை ஒரு வரியில் நீங்கள் இகழும்போது, உங்களுக்கு அது ஒரு திரைப்படக் கருத்து. அவருக்கோ நெருங்கியவர் மேல் விழுந்த அடி. அந்தப் பற்று பொய்யானது என்று நிரூபிக்கக் கிளம்ப வேண்டாம். துயரமான காலத்தை ஒரு குரலின் துணையோடு கடந்தவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். அதை மதித்துவிட்டு, “அவருடைய நடிப்பை நானும் ரசிப்பவன்தான், அந்தப் பேட்டியில் சொன்ன கருத்தை மட்டும் ஏற்க முடியவில்லை” என்று பொருளைச் சுருக்கலாம். அது பொய்யாக இருக்கக் கூடாது என்பதை மட்டும் கவனியுங்கள். ரசிக்காதவர், “அவர் படங்கள் எனக்கு அவ்வளவாகப் பழக்கமில்லை” என்று சொன்னாலே போதும்.

பிரபலங்களுடைய எந்தப் பகுதி பேச்சுக்கு உரியது? அவர்களுடைய படைப்பு, பொதுவெளியில் அவர்கள் சொன்ன சொல், விளம்பரத்துக்குப் பணம் பெற்று முன்னிறுத்தும் பொருள், பதவி வகித்தால் அந்தப் பதவியில் அவர்கள் செய்வது ஆகியவை தாராளமாக விமர்சனத்துக்கு உரியவை. நோய், கருவுற்றிருத்தல், பாலியல் நாட்டம், பிள்ளைகள் ஆகியவற்றைப் பற்றி அவர்களே சொல்லாதவரை பேசுவதற்கு நமக்கு உரிமையில்லை என்பது என் உறுதியான கருத்து. 1948ஆம் ஆண்டின் உலக மனித உரிமைப் பிரகடனத்தில் கருத்துச் சுதந்திரத்தைச் சொல்லும் 19ஆம் பிரிவும் இருக்கிறது, அந்தரங்கத்தையும் நற்பெயரையும் காக்கும் 12ஆம் பிரிவும் இருக்கிறது. ஒன்றை மட்டும் மேற்கோள் காட்டுவது நேர்மையாகாது.

குற்றச்சாட்டுகள் எழும்போது சொற்களை அளந்து பயன்படுத்த வேண்டும். ஒருவர் புகார் சொல்லியிருக்கிறார், காவல் துறை வழக்குப் பதிந்திருக்கிறது, நீதிமன்றம் தண்டித்திருக்கிறது, மேல்முறையீடு நிலுவையில் இருக்கிறது என்பவை வெவ்வேறு நிலைகள். எந்த நிலையில் விஷயம் இருக்கிறதோ அந்த நிலையின் சொல்லையே எழுதுங்கள். விடுதலையான வழக்கைக் காட்டி, “புகார் சொன்ன பெண் பொய்க்காரி என்று நிரூபணமாகிவிட்டது” என்று எழுதுவது தவறு. குற்றவியல் வழக்கில் விடுதலை என்பது குற்றம் ஐயமற நிறுவப்படவில்லை என்பதையே குறிக்கும். புகார் பொய் என்று நிறுவுவது தனி விசாரணை. புகார் வந்த அன்றே தீர்ப்பு எழுதுவதும் அதே அளவு தவறுதான்.

பரவும் படங்களையும் மேற்கோள்களையும் வைத்து வாதம் தொடங்கினால், பதிலுக்கு முன் சரிபார்ப்பு. தொழில்முறைச் சரிபார்ப்பாளர்கள் ஒரு பக்கத்தின் தோற்றத்தை வைத்து அதை எடைபோடுவதில்லை. உடனே வேறு சில பக்கங்களைத் திறந்து, இதைச் சொல்வது யார், மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று பார்க்கிறார்கள். படத்தைக் கூகுள் லென்ஸ், டின்ஐ போன்ற கருவிகளில் இட்டுத் தேடினால், அதே படம் பழைய தேதியில் வேறு செய்தியோடு வந்திருப்பது பல நேரங்களில் தெரிந்துவிடும். காணொளித் துண்டு என்றால் முழு நேர்காணலைத் தேடி, அந்த வரிக்கு முன்னும் பின்னும் இருக்கும் ஓரிரு நிமிடங்களையாவது கேளுங்கள். செயற்கை நுண்ணறிவால் குரலும் முகமும் செய்துவிட முடிகிற இந்தக் காலத்தில், நம்பத் தக்க செய்தி நிறுவனம் எதுவும் தொடாத ஒரு “அதிர்ச்சிக் காணொளி”யை வைத்துக்கொண்டு யாரோடும் வாதிட வேண்டியதில்லை.

பெண்ணியம்: எந்தப் பெண்ணியம், எந்தக் கூற்று

பெண்ணியத்தைப் பற்றிய சண்டைகளில் மிகுந்த பொழுது வீணாவது, அது ஒற்றைக் கட்சி போலவும் அதற்கு ஓர் உறுப்பினர் அட்டை இருப்பது போலவும் பேசுவதில்தான். 1792இல் பெண்கல்விக்காக வாதிட்டு எழுதிய மேரி உல்ஸ்டன்கிராஃப்டும், வாக்குரிமைக்குப் போராடியவர்களும், கூலிக்கும் வீட்டுவேலையின் மதிப்புக்கும் போராடியவர்களும், பாலியல் வன்முறையை எதிர்ப்பவர்களும் ஒரே பட்டியலில் வருகிறார்கள். ஆனால் பாலியல் தொழில், வாடகைத் தாய்முறை, ஆபாசப் படங்கள் போன்றவற்றில் அவர்களுக்குள்ளேயே கடுமையான கருத்து வேறுபாடு உண்டு. ஆகவே “பெண்ணியவாதிகள் சொல்கிறார்கள்” என்று யாராவது தொடங்கினால், எந்தக் கூற்று என்று கேட்பதே முதல் வேலை. உங்கள் தரப்பிலும் இதே ஒழுங்கு வேண்டும். “பெண்ணியத்தை எதிர்ப்பவர்கள் எல்லாரும் பெண்களை வெறுப்பவர்கள்” என்ற வரி, உங்களோடு ஒரு சட்டப்பிரிவில் மட்டும் மாறுபடுகிறவரையும் எதிரியாக்கிவிடும்.

சில வரலாற்றுச் செய்திகள் கைவசம் இருந்தால் பேச்சு பொத்தாம்பொதுவாகப் போவதைத் தடுக்கலாம். நாடு முழுவதற்குமான தேர்தலில் பெண்களுக்கு வாக்குரிமை தந்த முதல் நாடு நியூசிலாந்து, 1893இல். சுவிட்சர்லாந்தில் 1959ஆம் ஆண்டின் பொது வாக்கெடுப்பில் ஆண் வாக்காளர்கள் அந்த உரிமையை மறுத்தார்கள். 1971இல்தான் கூட்டாட்சி அளவில் ஏற்றார்கள். “இந்த உரிமையெல்லாம் தானாகவே வந்திருக்கும், போராட்டம் எதற்கு?” என்று கேட்பவரிடம் 1893, 1971 என்ற இந்த இரண்டு ஆண்டுகளையும் அருகருகே வைத்தால் போதும். பிரபலங்கள்தான் பெண்ணியத்தை விளம்பரத்துக்காகத் தூக்கிப் பிடிக்கிறார்கள் என்பவரிடம், ‘மீ டூ’ என்ற சொற்றொடரை ஓர் இயக்கமாகத் தொடங்கியவர் தரானா பர்க் என்ற சமூகச் செயற்பாட்டாளர் என்பதையும், அது 2006இல் என்பதையும், நடிகைகளின் வழியாக அது உலகெங்கும் பரவியது 2017 அக்டோபரில்தான் என்பதையும் சொல்லலாம்.

எண்களைப் பற்றிய சண்டையில் இரு தரப்பும் ஒரே நேரத்தில் சரியாக இருக்க வாய்ப்புண்டு. ஊதிய இடைவெளியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவர் எல்லா ஆண்களின் சராசரி ஊதியத்தையும் எல்லாப் பெண்களின் சராசரி ஊதியத்தையும் ஒப்பிடுகிறார்; இடைவெளி பெரிதாக இருக்கிறது. இன்னொருவர் அதே பணி, அதே நேரம், அதே அனுபவம் என்று ஒப்பிடுகிறார், இடைவெளி சுருங்குகிறது. “பொய் சொல்கிறாய்” என்று இருவரும் திட்டிக்கொள்வதில் பொருளில்லை. இருவருடைய எண்களும் வெவ்வேறு கேள்விகளுக்கு விடைகள். 2023இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்ற கிளாடியா கோல்டின், உயர் வருமான நாடுகளில் இந்த இடைவெளியின் பெரும்பகுதி ஒரே தொழிலில் இருக்கும் ஆண்களுக்கும் பெண்களுக்கும் இடையிலேயே காணப்படுவதையும், அது முதல் குழந்தை பிறந்த பிறகே பெரிதும் உருவாவதையும் காட்டினார். அதைச் சொன்ன பிறகு, குழந்தை வளர்ப்பின் பொறுப்பு யார் மேல் விழுகிறது, பணியிடங்கள் அதை எப்படிக் கணக்கில் கொள்கின்றன என்ற உண்மையான விவாதத்துக்கு வந்துவிடலாம்.

ஒரே பெண் பல அடையாளங்களோடு வாழ்கிறார் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். அமெரிக்கச் சட்ட அறிஞர் கிம்பர்லே கிரென்ஷா 1989இல் எழுதிய கட்டுரையில் ஒரு வழக்கை எடுத்துக்காட்டினார். ஓர் அமெரிக்கக் கார் நிறுவனத்தின் மேல் கறுப்பினப் பெண்கள் சிலர் பாகுபாட்டு வழக்குத் தொடுத்தார்கள். அந்த நிறுவனம் பெண்களை வேலைக்கு எடுத்திருந்தது, ஆனால் அவர்கள் வெள்ளையர்கள். கறுப்பினத்தவரையும் எடுத்திருந்தது, ஆனால் அவர்கள் ஆண்கள். பாலினப் பாகுபாடு என்றோ இனப் பாகுபாடு என்றோ கேட்கலாமே தவிர, இரண்டையும் இணைத்துத் தனி வகையாகக் கேட்க முடியாது என்றது நீதிமன்றம். இதைத் தெரிந்துகொண்டவர், தம் அனுபவத்தை வைத்து “பெண்களுக்கு இப்போது எந்தக் குறையும் இல்லை” என்று ஓர் அந்நியரிடம் அடித்துச் சொல்ல மாட்டார்.

மிக முக்கியமான எச்சரிக்கை ஒன்று உண்டு. உரையாடலின் நடுவே ஒரு பெண், தமக்கு நேர்ந்த வன்முறையைச் சொல்லிவிடலாம். அந்தக் கணத்திலிருந்து அது விவாதம் அல்ல. அவருடைய கூற்றை ஆதாரம் கேட்டுச் சோதிப்பது, “எல்லா ஆண்களும் அப்படியில்லை” என்று திருத்துவது, அவருடைய துயரத்தை உங்கள் வாதத்துக்கு உதாரணமாக எடுத்துக்கொள்வது ஆகிய மூன்றும் கூடாது. மூன்றாவதைச் செய்கிறவர்கள் பெரும்பாலும் அவருக்கு ஆதரவாக நிற்பவர்களே. “இதைச் சொன்னதற்கு நன்றி. இதை வைத்து வாதிட எனக்கு விருப்பமில்லை” என்று எழுதிவிட்டு, மற்றவர்களோடு நடந்துகொண்டிருக்கும் வாதத்தை வேறு இடத்துக்கு நகர்த்துங்கள். வன்முறைக்கு ஆளான ஆண் ஒருவர் சொன்னாலும் இதே மரியாதை அவருக்கு உரியது.

இறைநம்பிக்கையைத் தொடும்போது

மதம் என்ற ஒரே பெயருக்குள் நான்கு வேறு பொருள்கள் இருக்கின்றன: உலகைப் பற்றிய ஒரு கூற்று, நாள்தோறும் செய்யும் வழிபாடு, பிறந்த சமூகத்தின் அடையாளம், பணமும் அதிகாரமும் உள்ள ஓர் அமைப்பு. இவற்றில் எதைப் பற்றிப் பேசுகிறோம் என்பதைத் தெளிவாக்காமல் நம்பிக்கையைப் பற்றி ஒரு வரியும் எழுத வேண்டாம். அமைப்பின் ஊழலைச் சுட்டினால் அடையாளத்தின் மேல் அடி விழுந்ததாக ஒருவர் துடிப்பார். தம் தாயின் நினைவாக விளக்கேற்றுகிறவரிடம், பிரபஞ்சம் எப்படித் தோன்றியது என்று இயற்பியல் பாடம் நடத்தினால், கேட்காத கேள்விக்குப் பதில் சொன்னவராவீர்கள். நம்பிக்கையில்லாதவரிடம், “அப்படியென்றால் உங்களுக்கு ஒழுக்கம் எங்கிருந்து வரும்?” என்று கேட்பதும் இதே வகைதான், அவர் தம் பெற்றோரைப் பேணுவதும் வாக்குத் தவறாதிருப்பதும் உங்களுக்குத் தெரியாது.

மனித உரிமைப் பிரகடனத்தின் 18ஆம் பிரிவு சிந்தனை, மனச்சான்று, மதம் ஆகியவற்றின் சுதந்திரத்தைச் சொல்கிறது. மதத்தை மாற்றிக்கொள்ளும் உரிமையும் அதில் அடங்கும். இந்தச் சுதந்திரம் மனிதர்களுக்கு உரியது. கருத்துகளுக்குக் காப்பு இல்லை; அவற்றை எவ்வளவு கூர்மையாகவும் கேள்வி கேட்கலாம். ஒரு கோட்பாட்டை மறுப்பதும் அதை நம்புகிறவர்களை மூடர்கள் என்பதும் ஒரே செயல் அல்ல. எழுதும்போது எழுவாயைக் கவனித்தாலே இந்தக் கோடு தெரிந்துவிடும்: “இந்த விதி பெண்களுக்கு அநீதி இழைக்கிறது” என்ற வாக்கியத்தைப் பற்றி உரையாட முடியும். “நீங்கள் எல்லாரும் அடிமைகள்” என்பதைப் பற்றி என்ன உரையாடுவது?

இப்போது அந்த நடிகையிடம் திரும்பலாம். பெண்ணியவாதி வழிபடலாமா என்ற கேள்விக்கு, இது முரண் என்று இரு முனையிலிருந்தும் சொல்வார்கள். பெண்ணிய வரலாறு இதைப் பலமுறை சந்தித்திருக்கிறது. அமெரிக்க வாக்குரிமைப் போராளி எலிசபெத் கேடி ஸ்டான்டன், பைபிளைப் பெண்களின் நோக்கில் விமர்சிக்கும் நூலின் முதல் பகுதியை 1895இல் வெளியிட்டார். அடுத்த ஆண்டே, அவர் முன்பு தலைமை தாங்கிய வாக்குரிமைச் சங்கம் அந்த நூலுக்கும் தனக்கும் தொடர்பில்லை என்று தீர்மானம் போட்டது. அவருடைய நெடுநாள் தோழி சூசன் பி. ஆன்டனி அந்தத் தீர்மானத்தை எதிர்த்துப் பேசினார். மறுபுறம், மதத்துக்குள்ளேயே நின்று இடம் கேட்டவர்களும் உண்டு. ரெஜினா யோனாஸ் 1935இல் ஜெர்மனியில் யூத மதகுருவாக ஏற்பு பெற்றார். ஆமினா வதூத் 2005இல் நியூயார்க்கில் ஆண்களும் பெண்களும் கலந்துகொண்ட வெள்ளிக்கிழமைத் தொழுகையை முன்னின்று நடத்தினார். அதற்குப் பலத்த எதிர்ப்பும் எழுந்தது. இவர்களை அறிந்தவர் “முரண்” என்ற சொல்லை எளிதில் வீச மாட்டார்.

உரையாடல் எப்படிப் போகலாம் என்பதை நெருங்கிப் பார்ப்போம். அந்நியர் எழுதுகிறார்: “பெண்ணியம் பேசிக்கொண்டு கோயிலுக்குப் போவது இரட்டை வேடம்.” நீங்கள்: “எல்லா மதங்களும் பெண்களைத் தாழ்த்துகின்றன, ஆகவே பெண்ணியவாதி வழிபடக் கூடாது என்கிறீர்களா? அல்லது பெண்ணியம் கடவுளை மறுக்கிறது, ஆகவே வழிபடக் கூடாது என்கிறீர்களா?” அவர்: “இரண்டாவது. பெண்ணியம் என்றாலே மதத்துக்கு எதிரானதுதானே.” நீங்கள்: “அப்படி எதிர்த்தவர்களும் உண்டு. மதகுருவாகவே ஆன பெண்ணியவாதிகளும் உண்டு. எதிர்த்தவர்கள் சொன்ன காரணங்களில் எது உங்களுக்குச் சரியென்று படுகிறது?” இங்கே அவர் சற்றுத் தயங்கி, “எதிர்த்தவர்கள் சொல்வது எனக்குச் சரியென்று படவில்லை. என் அம்மா தினமும் பிரார்த்தனை செய்கிறவர். யாருக்கும் பணிந்து போனதில்லை” என்று எழுதக்கூடும். அந்த இடத்தில் நடிகை காணாமல் போய்விடுகிறார், உண்மையான பேச்சு தொடங்குகிறது. “உங்கள் அம்மாவைப் பற்றி இன்னும் சொல்லுங்கள்” என்பதே சரியான அடுத்த வரி. “பார்த்தீர்களா, நீங்களே ஒப்புக்கொண்டுவிட்டீர்கள்” என்ற வெற்றி முழக்கம் எல்லாவற்றையும் கெடுத்துவிடும்.

நம்பிக்கையை விட்டவர்களையும் மதம் மாறியவர்களையும் பற்றி ஒரு பொறுப்பு இருக்கிறது. அந்தச் செய்தி தெரிந்தால் குடும்பத்தையோ வேலையையோ உயிரையோ இழக்கும் நிலையில் சிலர் வாழ்கிறார்கள். புனைபெயரில் எழுதுகிறவர் யாரென்று நீங்கள் ஊகித்துவிட்டாலும் அந்த ஊகத்தை எழுதாதீர்கள், தனிச் செய்தியில் மற்றவரிடம் பகிரவும் வேண்டாம்.

திருத்தம் பயன்படுமா

தவறான செய்தியைத் திருத்தினால் மனிதர்கள் அதை இன்னும் இறுகப் பிடித்துக்கொள்வார்கள் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. பிரெண்டன் நைஹன், ஜேசன் ரைஃப்லர் இருவரும் 2010இல் வெளியிட்ட ஆய்விலிருந்து அது வந்தது. பின்னர் தாமஸ் உட், ஈதன் போர்ட்டர் இருவரும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் சோதித்து 2019இல் வெளியிட்ட ஆய்வில், அந்த எதிர்விளைவு அநேகமாகத் தென்படவே இல்லை. மனிதர்கள் பொதுவாகத் திருத்தத்தை ஏற்றுக்கொள்கிறார்கள். ஆனால் ஒரு செய்தியைத் திருத்திக்கொண்டவர் தம் முழு நிலைப்பாட்டையும் மாற்றிக்கொள்வார் என்று எதிர்பார்க்கக் கூடாது. ஆகவே திருத்துங்கள், சுருக்கமாக, சான்றுக்கான இணைப்போடு, ஒரே முறை. அவர் அந்த இடத்திலேயே ஒப்புக்கொள்ள வேண்டும் என்று நெருக்க வேண்டாம். எழுதாமல் படித்துக்கொண்டு மட்டும் இருப்பவர்களும் அங்கே இருக்கிறார்கள். அவர்களுக்கும் அந்தத் திருத்தம் பயன்படும்.

விடைபெறுதல்

உரையாடலை முடிப்பதற்கு வெற்றியோ உடன்பாடோ தேவையில்லை. ஒரே வாதம் மூன்றாம் முறை திரும்பி வந்தால், அல்லது பொருளிலிருந்து உங்கள் தோற்றம், சாதி, குடும்பம் ஆகியவற்றுக்குப் பேச்சு தாவினால், நிறுத்தலாம். “நாம் வேறுபடும் இடம் இது என்று புரிந்துகொள்கிறேன். என் தரப்பை முழுமையாகச் சொல்லிவிட்டேன். இத்துடன் விடைபெறுகிறேன்” என்று எழுதினால் போதும்; எழுதிய பிறகு உண்மையாகவே விடைபெற வேண்டும். கடைசி வார்த்தை அவருடையதாக இருக்கட்டும்.

மிரட்டல் வந்தால் நிலைமை வேறு. பதில் எழுதாமல், தேதியும் கணக்கின் பெயரும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து, இணைப்பைச் சேமித்து, அந்தத் தளத்தில் புகார் கொடுத்து, அதன் பிறகு பிளாக் செய்யுங்கள். வரிசை முக்கியம், ஏனெனில் முதலிலேயே பிளாக் செய்துவிட்டால் சான்றை எடுப்பது கடினமாகலாம். உடலுக்கோ உயிருக்கோ ஆபத்து என்று தோன்றினால் காவல் துறையிடம் அந்தச் சான்றுகளைக் கொடுக்க வேண்டும். வீட்டு முகவரி, வேலையிடம், பிள்ளைகளின் பள்ளி ஆகியவை உங்கள் பழைய பதிவுகளிலும் படங்களிலும் தெரிகின்றனவா என்று, இத்தகைய பொருள்களைப் பேசத் தொடங்குவதற்கு முன்பே பார்த்துக்கொள்வது நல்லது.

மிரட்டல் எதுவுமில்லாமல் வெறுமனே மோசமாக முடிந்த உரையாடலில், அந்த அந்நியரின் பதிவைப் படமெடுத்து, அவர் பெயர் தெரியும்படி உங்கள் பக்கத்தில் போட்டு, “இதைப் பாருங்கள்” என்று நண்பர்களை அழைக்கும் ஆசை எழும். உங்களைப் பின்தொடர்பவர்கள் சில நூறு பேர் என்றாலும், அவர்களில் பலர் ஒரே இரவில் முன்பின் தெரியாத ஒரு மனிதரின் வாசலில் போய் நிற்பார்கள். அவர்கள் என்ன எழுதுவார்கள் என்பது உங்கள் கையில் இல்லை. அந்தக் கூற்றைப் பற்றி எழுத வேண்டும் என்று தோன்றினால், பெயரையும் படத்தையும் விட்டுவிட்டு, கூற்றை மட்டும் எடுத்துக்கொண்டு, மறுநாள் எழுதுங்கள்.